விடியட்டும் என்று இருந்தோம்

போன மாரி வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் ஆஸ்பத்திரியின் இளம் தாதியர் மூன்று பேர் என்னைத் தேடி இணுவிலுக்கு வந்தார்கள். அனர்த்த காலச் சேவை பற்றி ஒரு மலர் வெளியிடப் போகிறார்களாம். ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும் கட்டுரை வேண்டுமாம்.

“அக்கா, ஷெல்லடிக்குள்ள பிரசவம் பாத்த கதையை எழுதித் தாங்கோ,” என்றாள் துஷாந்தி. மூவரில் அவள்தான் துடியாட்டம். வாய் என்னோடு கதைக்க, விரல் போனில் ஓடிக்கொண்டிருந்தது. “லாம்பு வெளிச்சம், பங்கர், உந்த மாதிரி. வாசிக்க நல்லா இருக்கும்.”

“ஆருக்கு நல்லா இருக்கும்?”

அவள் மற்ற இருவரையும் பார்த்து முறைப்பட்டாள். “வரேக்கையே சொன்னனான், அக்கா கேள்விக்குக் கேள்விதான் கேப்பா எண்டு.”

உண்மைதான். சும்மா இருக்கவும் தெரியாது, சும்மா தலையாட்டவும் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு அது இன்னும் கூடிவிட்டது. அவர்கள் கொண்டுவந்திருந்த புதிய அனர்த்தத் திட்டத்தை வாங்கி, தேத்தண்ணி போடுவதையும் மறந்து நின்றபடியே வாசித்தேன். நல்ல திட்டம். எங்கள் காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் கண்ணில் ஒற்றியிருப்போம். வெள்ளம் வருமுன் கர்ப்பிணிகளை எங்கே கொண்டுவந்து வைப்பது, வந்தால் படகு யாரிடம், மின்சாரம் நின்றால் இரத்த வங்கிக் குளிரூட்டிக்கு என்ன வழி, எல்லாம் இருந்தது.

“வெள்ளம் வடிஞ்சாப் பிறகு என்ன செய்யிறது? அந்தப் பக்கத்தைக் காணேல்லை.”

“வடிஞ்சாப் பிறகு வழமைதானே அக்கா,” என்றாள் துஷாந்தி.

அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். லாம்பு வெளிச்சத்தில் பிழைத்த தாய்மாரைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். மின்சாரம் இருந்த, பாதை திறந்திருந்த, அம்புலன்சில் எண்ணெய் இருந்த ஒரு நாளில் எங்களிடம் வந்து இறந்துபோன ஒருத்தியைப் பற்றி எழுதுகிறேன்.

அதற்கு முதலில் டொக்டர் மங்களேஸ்வரனைச் சொல்ல வேண்டும்.

என்னுடைய பயிற்சிக் காலத்தில் சொல்வதற்கு அதிகம் இல்லை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, கம்பஸில் இடம் கிடைக்காத கோபம் முழுவதையும் தாதியியல் புத்தகங்களில் காட்டினேன். பாதிப் பாடம் வகுப்பில், மீதி பங்கருக்குள். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பேன். “உந்தப் பிள்ளைக்கு வாய் முதல் பிறந்து, ஆள் பிறகுதான் பிறந்தது,” என்று விடுதிப் பொறுப்பாளர் சொல்லுவார். சேவையில் சேர்ந்த கொஞ்சக் காலத்திலேயே சண்டை நெருங்கி, வலிகாமத்துச் சனம் முழுவதும் எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நானும் நடந்தேன். இடம்பெயர்ந்த ஆஸ்பத்திரி ஒன்று பள்ளிக்கூடத்தில் இயங்கியது. ஏழாம் வகுப்பு எங்கள் பிரசவ அறை. கரும்பலகையில் யாரோ ஒரு பிள்ளை பாதியில் விட்ட பின்னக் கணக்கு இருந்தது. அதை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அங்கே பிரசவமான தாய்மாருக்குக் காய்ச்சல் வந்துகொண்டே இருந்தது. சிலர் தப்பவில்லை. அப்போதுதான் டொக்டர் மங்களேஸ்வரன் பொறுப்பாக வந்தார். மெலிந்த, மெதுவான மனிதர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்; கேள்வி கேட்டுவிட்டுத் துடைக்கத் தொடங்கினார் என்றால் பதில் வரும்வரை அதை மாட்ட மாட்டார். கோபப்பட்டு நான் கண்டதில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அவருடைய வேகம் ஒரு தண்டனை.

வந்த முதல் வெள்ளிக்கிழமையே ஒரு கூட்டம் வைத்தார். ஒருவர் இறந்தால், அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், அந்தச் சாவோடு தொடர்புபட்ட எல்லோரும் வட்டமாக இருக்க வேண்டும். டொக்டர்மார் முதல் தரை கழுவுகிற பார்வதி அக்கா வரை, எல்லோருக்கும் இருக்க ஒரே பள்ளிக்கூட வாங்கு. நாங்கள் அதற்குச் சாவுக் கூட்டம் என்று பெயர் வைத்தோம். முதலில் இறந்தவரின் பெயரையும் ஊரையும் அவர் சொல்லுவார். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்போம். பிறகு பதவியில் ஆகக் கீழே உள்ளவர் முதலில் கதைக்க வேண்டும். டொக்டர்மார் கடைசி. தான் கண்டதையும் தான் செய்ததையும் மட்டும் சொல்ல வேண்டும். அடுத்தவர் செய்ததைச் சொல்லக் கூடாது. அங்கே கதைத்தது வாசலைத் தாண்டக் கூடாது. யாராவது நிறுத்தினால் அவர் “பிறகு?” என்பார். ஆர் செய்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இன்னொன்று. ‘பிரச்சினை’ என்ற சொல்லுக்கு அங்கே தடை. எங்கள் ஊரில் சண்டைக்கு அதுதான் பெயர். யார் எதில் செத்தாலும் நாட்டுப் பிரச்சினையால் என்று சொல்லிவிட்டு எழும்பலாம். “அதைச் செருப்போடை வெளியில கழட்டிப் போட்டிட்டு வாங்கோ,” என்பார்.

அந்த முதல் கூட்டத்தில் பார்வதி அக்காதான் தொடங்கினார். அவித்த கருவிகளை எடுக்கிற இடுக்கியைக் கிருமிநாசினிப் போத்தலுக்குள் நிறுத்தி வைப்போம். கிருமிநாசினிக்கு அப்போது கடும் தட்டுப்பாடு.

“போத்தல்ல மட்டம் இறங்கினா நான் கொஞ்சம் அவிச்ச தண்ணி விடுறனான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்,” என்றார்.

“பிறகு?” என்றார் டொக்டர், அடுத்தவரைப் பார்த்து.

“நானும் விடுறனான் சேர். காலமைக்கு,” என்றாள் ஒரு தாதி.

“நான் பின்னேரம் விடுறனான்,” என்றாள் இன்னொருத்தி.

ஒருவர் விடுவது மற்றவருக்குத் தெரியாது. எல்லோரும் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். கடைசியில் அந்தப் போத்தலில் இருந்தது மணம் மட்டும். டொக்டர் கண்ணாடியை மாட்டினார். “மிச்சம் பிடிக்கிறது எங்கடை ஆக்களின்ரை குணம். ஒருத்தரிலையும் பிழையில்லை. நாளைக்கு இதைவிடச் சின்னப் போத்தல் எடுங்கோ. காலமை காலமை ஊத்திப்போட்டுப் புதுசா விடுங்கோ. இடையில ஒருத்தரும் ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது.” அவ்வளவுதான். காய்ச்சல் குறைந்தது. மருந்து கூடுதலாக வரவில்லை, ஆள் கூடுதலாக வரவில்லை, கூரைக்கு மேலே விமானம் பறப்பதும் நிற்கவில்லை. ஆனாலும் குறைந்தது. அந்த மத்தியானம்தான் நான் இந்தத் தொழிலுக்குள் உண்மையாக வந்து சேர்ந்தேன் என்று சொல்லலாம்.

வருடங்கள் ஓடின. ஊருக்குத் திரும்பினோம், மறுபடி ஓடினோம், மறுபடி திரும்பினோம். டொக்டர் எந்த ஆஸ்பத்திரிக்கு மாறினாரோ அங்கே எப்படியோ நானும் மாற்றம் எடுத்துப் போனேன். ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். சண்டை முடிந்தபோது இரண்டு பேரும் ஒரு ஆதார வைத்தியசாலையில் இருந்தோம். சத்திரசிகிச்சைக் கூடம், இரத்தம், அம்புலன்ஸ் எல்லாம் எங்களிடம் இருந்தன. சுற்றியிருந்த சின்னக் கிராமிய ஆஸ்பத்திரிகளில் ஒரு பிரசவ அறையும் ஒரு மருத்துவிச்சியும் இருப்பார்கள். சிக்கல் என்றால் எங்களிடம் அனுப்ப வேண்டும்.

கொழும்பில் தர மேம்பாடு பற்றி ஒரு பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். போய்ப் பெருமையோடு திரும்பினேன். தாமதம் மூன்று வகை, காரணங்களை மீன்முள் மாதிரி வரைந்து பார்க்கலாம், எதையும் அளந்தால்தான் திருத்தலாம் என்று யாரைக் கண்டாலும் பிடித்து நிறுத்திச் சொன்னேன். என்னைக் கண்டால் சிற்றுண்டிச்சாலைக்காரரே உள்ளே போய்விடுவார். வருடக் கணக்காக இருந்த இரவு ஊரடங்கும் எடுக்கப்பட்டு மாதக் கணக்காகியிருந்தது. இனி எல்லாம் திருத்தலாம் என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன்.

சுகந்தி வந்தது அந்த நாட்களில் ஒரு காலையில். நான் பிரசவ அறைப் பொறுப்பை எடுத்து, உடுப்புக்கு மேலே ஏப்ரனைக் கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. கடல்நீரேரிக் கரையில் இருக்கிற ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியின் மருத்துவிச்சி இராசமலர் அக்கா, சேலைன் போத்தலைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி இறங்கினார். பின்னால் சிவநேசன், சுகந்தியின் கணவன், அவளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தார். கடல் தொழிலுக்குப் போகிற மனிதர், பலசாலி. தூக்கிய கை ஆடவில்லை. சாரம் முழுக்க இரத்தம்.

மூன்றாவது பிள்ளை. முதல்நாள் பின்னேரம் கிராமத்து ஆஸ்பத்திரியில் சுகமாகப் பிறந்திருக்கிறது. பிறகு இரத்தம் போகத் தொடங்கியிருக்கிறது. இராசமலர் அக்கா செய்ய வேண்டியதைச் செய்திருந்தார்: ஊசி போட்டு, கருப்பை இறுகும்வரை வயிற்றை உருவி, சேலைன் ஏற்றியிருந்தார். பெருக்கு நின்றது. ஆனால் கசிவு நிற்கவில்லை. துணி மாற்ற மாற்ற அது போய்க்கொண்டே இருந்திருக்கிறது. பெருக்கைக் கண்டால் யாரும் பயப்படுவார்கள். கசிவு ஏமாற்றும்.

நான் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத் தாள். நாக்கும் அப்படியே. விரல் நகத்தை அமத்தி விட்டால் நிறம் திரும்பவில்லை. நாடி ஓடுகிறது, பிடிபடவில்லை. இரண்டு கையிலும் பெரிய ஊசி ஏற்றினேன், நரம்புகள் ஒட்டிப்போயிருந்தன. இரத்தம் வந்தது, டொக்டர் வந்தார், தியேட்டருக்குத் தள்ளினோம். தள்ளும்போது அவள் கண் திறந்தாள்.

“பிள்ளை பால் குடிச்சவளோ, மிஸ்?” என்று கேட்டாள்.

“ஓம், குடிச்சவள்,” என்றேன். அப்போது அது எனக்குத் தெரியாது. பிள்ளை மாமியாரிடம் கிராமத்திலேயே இருந்தது.

நச்சுக்கொடியின் சின்னத் துண்டு ஒன்று உள்ளே தங்கியிருந்தது. டொக்டர் அதை எடுத்தார். எடுக்கும்போது ஏற்றுகிற இரத்தம் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனால் இதயம் நின்றுவிட்டது. திரும்ப ஓட வைக்க எவ்வளவோ பாடுபட்டோம். வெளியே வந்து சிவநேசனிடம் டொக்டர்தான் சொன்னார். அந்த மனிதர் ஓட்டோவுக்குப் போய் அதன் இருக்கையைத் துவாயால் துடைக்கத் தொடங்கினார். இரவல் ஓட்டோ.

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் பெரிய தாளில் மீன்முள் வரைந்து கொண்டுபோனேன். இரத்தக் குளிரூட்டி கிராமத்தில் இல்லை, ஒரு முள். அம்புலன்ஸ் அங்கே இல்லை, இன்னொரு முள். டொக்டர் அங்கே லீவு, இன்னொன்று.

அம்புலன்ஸ் சாரதி அரியம் அண்ணை எட்டிப் பார்த்தார். “தங்கச்சி, உது என்ன மீன்? பாரையோ?”

“பகிடியை விடுங்கோ அண்ணை.”

“இல்லை, முள்ளு மட்டும்தான் கிடக்கு. சதையை ஆர் திண்டது எண்டு கேட்டனான்.”

டொக்டர் உள்ளே வந்தார். சுகந்தியின் பெயரையும் ஊரையும் சொன்னார். இராசமலர் அக்கா வாங்கின் ஓரத்தில், கைக்குட்டையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். முப்பது வருடம் அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் அவர் கையில்தான் பிறந்தார்கள். அதே கிராமத்தில்தான் வீடு.

அரியம் அண்ணை முதலில் கதைக்க வேண்டும். “நான் அண்டைக்கு இரவு வேலையில இருந்தனான் சேர். அம்புலன்சுக்கை எண்ணெய் நிறையக் கிடந்தது. போன் வேலை செய்தது. அடிக்கேல்லை.”

“பிறகு?”

“பிறகு ஒண்டுமில்லை. விடிஞ்சு வீட்டை போனன்.”

டொக்டர் இராசமலர் அக்காவைப் பார்த்தார். அவர் எல்லாவற்றையும் சொன்னார்: ஊசி, சேலைன், எத்தனை துணி, எப்போது நாடி மாறியது. ஒன்றையும் மறைக்கவில்லை. “பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேணும் எண்டு எனக்கு அண்டு பின்னேரமே விளங்கிட்டுது சேர். மனுசனுக்கும் சொன்னனான். விடிஞ்ச உடனை போறதுக்கு ஆயத்தப்படுத்தினனாங்கள்.”

“பின்னேரமே விளங்கினது. பிறகு?”

“பிறகு இருட்டிட்டுது.”

“பிறகு?”

அவர் டொக்டரைப் புதினமாகப் பார்த்தார். இப்படி ஒரு கேள்வி இருக்கிறதா என்பதுபோல. “இரவு எப்பிடி சேர் வாறது?”

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. “ஏன் அக்கா?”

இராசமலர் அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஊரடங்கு இல்லை. பாதையில் மறிப்பு இல்லை. தொலைபேசி அவருடைய மேசையில் இருந்தது. அவர் எங்கள் ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்த்தார், யாராவது எடுத்துக் கொடுப்போம் என்பதுபோல. எனக்கு என் கையிலிருந்த தாளைச் சுருட்டத்தான் தோன்றியது. அதில் இந்த முள் இல்லை.

அரியம் அண்ணைதான் கடைசியில் வாயைத் திறந்தார். “சேர், அவ போன் எடுத்திருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு எனக்குத் தெரியும். ‘கொஞ்சம் பொறுங்கோ பிள்ளை, விடியட்டும்’ எண்டுதான் சொல்லியிருப்பன்.”

“ஊரடங்கு எடுத்தாப் பிறகு,” என்றார் டொக்டர், எங்கள் எல்லோரையும் பார்த்து, “ஆரும் ஒருக்காவாவது இருட்டினாப் பிறகு றோட்டுக்குப் போனனீங்களோ? கோயிலுக்கு? கடைக்கு?”

ஒரு கையும் உயரவில்லை. அவருடைய கையும்தான். எங்கள் கோயிலில் இரவுத் திருவிழாவை இன்னும் பின்னேரமே முடித்துக்கொண்டிருந்தோம். அளவெட்டியிலிருந்து வந்த மேளக்காரர் வெயிலில் வியர்த்தபடி இராத்திரி இராகம் வாசித்ததை அந்த வருடம் நானும் கேட்டுத் தலையாட்டியிருந்தேன். யாரும் அதை வித்தியாசமாக நினைக்கவில்லை. சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அதை நாங்களே எங்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தோம், போட்டிருக்கிறோம் என்பது தெரியாமல்.

அந்தக் கூட்டத்தில் அழாதவர்கள் இல்லை. ஆனால் உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு சிவநேசன் டொக்டரைப் பார்க்க நேரம் கேட்டிருந்தார். மனைவி ஏன் இறந்தாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

என்ன சொல்வது? மேலிடத்தில் இருந்து டொக்டருக்குச் சொல்லப்பட்டது: இரத்தப் போக்கு, இயன்றதெல்லாம் செய்தோம், அதோடு நிறுத்து. இராசமலர் அக்கா என்னைத் தேடி வந்து கையைப் பிடித்தார். “சொல்லிப்போடாதேங்கோ பிள்ளை. நான் அந்த ஊரிலதான் இருந்து சாக வேணும்.” நான் மறுபக்கம் நின்றேன். சொல்லாவிட்டால் அடுத்தவளும் விடியும்வரை கிடப்பாள் என்று டொக்டரோடு வாதாடினேன். ஆனால் சொன்னால் அது யார் தலையில் போய் விழும் என்பதும் எங்களுக்குத் தெரியும். காத்திருக்கலாம் என்றவர்களில் சிவநேசனும் ஒருவர்.

“கூட்டத்தில கதைச்சது வெளியில போகக் கூடாது. அது நான் வைச்ச சட்டம்,” என்றார் டொக்டர். “மற்றவை சொன்னதை நான் சொல்ல மாட்டன். என்ரையைச் சொல்லலாம்.”

சிவநேசன் வந்து கதிரையின் நுனியில் இருந்தார். நான் சுவரோரம் நின்றேன்.

“ஐயா, நான் சண்டைக்கு வரேல்லை. எனக்கு விளங்கப்படுத்துங்கோ,” என்றார். “வெளிச்சம் வந்த உடனை வெளிக்கிட்டனாங்கள். ஒரு நிமிசமும் சுணங்கேல்லை. ஓட்டோவை நான்தான் ஓடினனான். இஞ்சை வந்து சேரேக்கை உயிரோடதான் இருந்தவள். பிறகு ஏன் செத்தவள்?”

டொக்டர் கண்ணாடியைத் தொடவில்லை. “வரேக்கை அவவின்ரை உடம்பில இரத்தம் இல்லைத் தம்பி. நாங்கள் ஏத்தினது போதாமப் போச்சு. இரவு வந்திருந்தா ஏத்திக் காப்பாத்தியிருக்கலாம்.”

“இரவு எப்பிடி ஐயா வாறது?”

“றோட்டு திறந்துதான் கிடந்தது.”

சிவநேசன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்டைக்கு இரவு நீங்கள் ஆரும் எனக்குப் போன் எடுத்திருந்தால், நானும் விடியட்டும் எண்டுதான் சொல்லியிருப்பன்,” என்றார் டொக்டர். “எனக்கு என்னைத் தெரியும். ஊரடங்கு எடுத்தாப் பிறகு ஒருநாளும் பொழுதுபட என்ரை வீட்டுப் படலையைத் திறந்ததில்லை. நான் படிச்சவன். இந்த ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பானவன். எனக்கே தெரியேல்லை, போகலாம் எண்டு.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே மருந்துக்கு நிற்கிற சனத்தின் சத்தம் கேட்டது. சிவநேசன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

“அவள் கேட்டவள்.”

டொக்டர் “பிறகு?” என்று கேட்கவில்லை.

“‘இப்பவே போவமோ அப்பா’ எண்டு கேட்டவள். நான்தான், விசர்க்கதை கதையாதை, விடியட்டும் எண்டனான்.” கைகளை மூடினார். “அதுக்குப் பிறகு அவள் கேக்கேல்லை.”

டொக்டர் எழும்பி, தன் கதிரையை மேசையைச் சுற்றி இழுத்துக்கொண்டு வந்து, அவருக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். இரண்டு பேரும் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

இராசமலர் அக்கா அடுத்த நாள் தானாகவே அந்த வீட்டுக்குப் போனார். என்ன கதைத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, அந்த ஒருமுறை நானும் கேட்கவில்லை. குழந்தையின் நிறை பார்க்க அதன் பிறகும் அந்த வீட்டுக்குப் போய்வந்தார் என்பது மட்டும் தெரியும்.

டொக்டர் ஒரு வேலை தொடங்கினார். ஒவ்வொரு நாளும் பொழுதுபடுகிற மைமல் நேரத்தில் அம்புலன்ஸ் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து புறப்பட்டு, விளக்கைச் சுழல விட்டு, கரையோரக் கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போய், இருட்டிய பிறகு திரும்பி வர வேண்டும். நோயாளி இல்லாமல். ஒரு தாதி கூடப் போக வேண்டும். பெரும்பாலும் நான்தான்.

“நோயாளி இல்லாமல் அம்புலன்ஸ் ஓடுறது எந்தச் சட்டத்தில இருக்கு?” என்று மேலிடத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

“நோயாளி இருக்கிறா. வீட்டுக்குள்ள விடியட்டும் எண்டு இருக்கிறா,” என்றார் டொக்டர்.

அரியம் அண்ணைக்கு முதல் நாட்களில் பயம்தான். அதை மறைக்கப் பகிடி விடுவார். “பேயளை ஏத்தி இறக்கிறன் தங்கச்சி. ஒண்டாவது நன்றி சொல்லுதோ பார்.” நாங்கள் வரும் வெளிச்சத்தைக் கண்டதும் ஒழுங்கைகளில் லாம்புகள் அணையும், படலைகள் சாத்தப்படும். இருட்டிய பிறகு ஒரு வாகனம் வந்தால் அதற்கு ஆள் பிடிக்க வருகிறார்கள் என்ற ஒரே அர்த்தம்தான் இருந்த ஊர்கள் அவை. நாய்கள் மட்டும் துரத்திக்கொண்டு வரும். சில கிழமைகள் போக, ஒரு படலையில் ஒரு கிழவர் நின்று பார்த்தார். பிறகு இரண்டு பெண்கள். ஒருநாள் பிள்ளைகள் கையசைத்தார்கள். அரியம் அண்ணை அன்று விசில் அடித்துக்கொண்டு ஓட்டினார். அதன் பிறகு ஒரு நாள் இருட்டிய பின் தொலைபேசி அடித்தது. வலிப்பு வந்த ஒரு கர்ப்பிணி. கூட்டி வந்தோம். பிழைத்தாள். அதன் பிறகு அடிக்கத்தான் செய்தது.

துஷாந்தி, உங்களுடைய திட்டத்தில் இல்லாத பக்கம் அதுதான். தண்ணீர் வடிந்தது சனத்துக்குத் தெரியாது. நாங்கள்தான் நடந்து காட்ட வேண்டும். நாங்கள் நடந்து காட்டவும் எங்களுக்கு முதலில் தெரிய வேண்டும்.

பிறகு தர மேம்பாட்டுக்காக எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பாராட்டெல்லாம் கிடைத்தது. மேடையில் ஏறி அந்த அம்புலன்ஸ் ஓட்டத்தைப் பற்றி நானே பேசியிருக்கிறேன். பேசாமல் விட்டது ஒன்று உண்டு.

ஓட்டம் தொடங்கிச் சில மாதம் ஆகியிருக்கும். நீரேரிக் கரையில் நாங்கள் வண்டியைத் திருப்பும்போது சிவநேசன் பாதையோரம் நின்று கையை நீட்டினார்.

“சுகமில்லையோ தம்பி?” என்று கேட்டபடி அரியம் அண்ணை யன்னல் கண்ணாடியை இறக்கினார்.

“இல்லை அண்ணை. ஒருக்கா ஏத்திக்கொண்டு போங்கோ. உங்கடை ஆஸ்பத்திரி மட்டும்.”

சட்டப்படி ஏற்றக் கூடாது. அரியம் அண்ணை என்னைப் பார்த்தார். நான் இறங்கிப் பின் கதவைத் திறந்தேன். சிவநேசன் உள்ளே ஏறி, நோயாளியைக் கிடத்துகிற படுக்கைக்குப் பக்கத்து வாங்கில், துணைக்கு வருகிறவர் இருக்கிற இடத்தில் இருந்தார். படுக்கை வெறுமையாக, வெள்ளைத் துணி விரித்தபடி இருந்தது. அவர் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வெளியே நன்றாக இருட்டியிருந்தது. பாலம், பனங்கூடல், சந்திக் கடை, பள்ளிக்கூட மதில் எல்லாம் யன்னலால் கடந்து போயின. யாரும் மறிக்கவில்லை.

வண்டி நின்றது. நான் கதவைத் திறந்தேன். அவர் இறங்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி வாசல் விளக்கைப் பார்த்தார், பிறகு வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தார்.

“இவ்வளவுதானோ அண்ணை?” என்றார்.

“ஓம் தம்பி,” என்றார் அரியம் அண்ணை. “இவ்வளவுதான்.”

அவரைத் திரும்பக் கொண்டுபோய் விடத்தான் வேண்டியிருந்தது. அரியம் அண்ணை வண்டியைத் திருப்பினார். சந்திக் கடையைத் தாண்டும்போது பின்னால், வெறும் படுக்கையின் விளிம்பைப் பிடித்தபடி இருந்த சிவநேசனின் குரல் கேட்டது.

“அண்ணை, கொஞ்சம் மெதுவா விடுங்கோ.”